எதிராளி குதிரையைக் கொடுத்தால்: வெட்டுவதா, விடுவதா, திருப்பி அடிப்பதா?

அமெச்சூர் செஸ்ஸில் தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது: "திடீர்னு குதிரையைப் பலி கொடுத்துட்டார், அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் ஓடலை." அந்த ஆட்டத்தை எஞ்சினில், அதாவது நகர்த்தல்களை ஆராயும் செஸ் மென்பொருளில், போட்டால் அந்தப் பலியே செல்லாது என்று பல சமயம் காட்டும். செல்லாத பலியிடம் ஏன் தோற்கிறோம்? காய் வந்து விழுந்த நொடியிலிருந்து "இது சரியான பலியா, ஏமாற்று வேலையா?" என்ற ஒரே கேள்வியில் கடிகாரம் ஓடிவிடுகிறது. முன்னால் எத்தனை வழிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கவே நேரம் இருப்பதில்லை.

வழிகள் பொதுவாக நான்கு. வெட்டிவிட்டு, கிடைத்ததை விடாமல் வைத்துக்கொண்டு தற்காப்பது. வெட்டாமல் ஒதுங்குவது. வெட்டிவிட்டு, தக்க நேரத்தில் திருப்பிக் கொடுப்பது. வந்த காயைக் கண்டுகொள்ளாமல் வேறு இடத்தில் பதிலுக்கு அடிப்பது. எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அடுத்த ஐந்தாறு நகர்த்தல்களில் கஷ்டமான நகர்த்தலைக் கண்டுபிடிக்க வேண்டியவர் யார், நானா, அவரா? எஞ்சின் காட்டும் எண்ணைவிட அமெச்சூர் ஆட்டத்தில் இந்தக் கேள்விதான் அதிகம் உதவும் என்பது என் கட்சி. அதற்கு எல்லாருக்கும் தெரிந்த ஒரு தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு போர்டை வைத்துக்கொண்டு படித்தால் நல்லது. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் நகர்த்தல்.

இரண்டு குதிரைத் தற்காப்பு

1.இ4 இ5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.பிஷப் சி4 குதிரை எஃப்6 4.குதிரை ஜி5. தொடக்க நிலையில் ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் ஒருமுறையாவது சந்தித்த நிலை. எஃப்7 சிப்பாயைக் குதிரையும் பிஷப்பும் குறிவைக்கின்றன. அதற்குக் காவல் ராஜா மட்டும்தான். கறுப்பு பெரும்பாலும் 4...டி5 என்று நடுவில் சிப்பாயைத் தள்ளுவார், வெள்ளை இ4 சிப்பாயால் அதை வெட்டுவார். இப்போது கறுப்பின் முடிவு.

முதலில் கைக்கு வருவது 5...குதிரை டி5, அதாவது சிப்பாயைத் திரும்ப வெட்டுவது. கணக்கு நேராகிறது, மனசுக்கும் நிம்மதி. உடனே 6.குதிரை எஃப்7 வருகிறது. இதுதான் 'ஃபிரைடு லிவர்' தாக்குதல். இத்தாலிய ஆட்டக்காரர் போலேரியோ காலத்திலிருந்தே, அதாவது 1600களின் தொடக்கத்திலிருந்தே, தெரிந்த விஷயம். குதிரை எஃப்7ல் நின்று டி8 ராணியையும் எச்8 யானையையும் ஒருசேரத் தாக்குகிறது. ராணியை நகர்த்தினால் யானை போகும், ஆகவே மறுக்கும் வழி இங்கே அடைபட்டுப் போகிறது. ராஜாவால் வெட்டியே ஆகவேண்டும். 7.ராணி எஃப்3 செக். அந்த ராணி டி5 குதிரையையும் சேர்த்தே தாக்குகிறது. ராஜா இ8க்கோ ஜி8க்கோ ஓடினால் குதிரை போய்விடும். ஜி8க்குப் போனால் மேட்டும் வரும். ஆக, ராஜா இ6க்கு வந்து போர்டின் நடுவில் நிற்கவேண்டும். 8.குதிரை சி3 என்று டி5 மேல் மூன்றாவது தாக்குதல் வருகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். கறுப்பிடம் ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை கூடுதலாக இருக்கிறது. டி5 குதிரையை ஆள்சேர்த்துக் காக்க வேண்டும். அதற்குப் பழக்கமான நகர்த்தல்கள் இரண்டுதான்: சி6 குதிரையை பி4க்குக் கொண்டுபோவது அல்லது இ7க்குக் கொண்டுவருவது. பி4க்குப் போவதில் ஆசையும் கலந்திருக்கிறது, சி2ல் இறங்கினால் செக், கூடவே ஏ1 யானை. வெள்ளை 9.ஏ3 என்று அதை வேண்டுமென்றே கூப்பிடலாம். கறுப்பு சி2ல் செக்கோடு வெட்டி, வெள்ளை ராஜா டி1க்கு விலகியதும் யானையையும் வெட்டினால், 11.குதிரை டி5. இப்போது கறுப்பு ராஜா இ6ல் நிற்கிறது. டி5 குதிரை எங்கே நகர்ந்தாலும் சி4 பிஷப்பின் செக் திறக்கும். ஏ1ல் போய் உட்கார்ந்த கறுப்புக் குதிரைக்கு வெளியே வர இரண்டே கட்டங்கள், சி2ம் பி3ம். சி2ஐ ராஜா பார்க்கிறது, பி3ஐ பிஷப் பார்க்கிறது. யானையைத் தின்ற குதிரை அங்கேயே கிடக்கும்.

காய் எண்ணிக்கையில் கறுப்பு வெகுதூரம் முன்னால். ஆட்டம் வெள்ளையின் கையில். இதில் என்னை உறுத்துவது எஞ்சின் வெள்ளைக்குச் சாதகம் காட்டுவது மட்டும் இல்லை. வெள்ளை ஆடவேண்டியவை எல்லாமே யாருக்கும் தோன்றும் நகர்த்தல்கள்: டி4, யானையை இ1க்குக் கொண்டுவருவது. கறுப்போ ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சரியான நகர்த்தலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். போதாக்குறைக்கு வெள்ளை ஆறாவது நகர்த்தலில் பலியே கொடுக்காமல் 6.டி4 ஆடியும் இதே தலைவலியைத் தரலாம்; அதுவே இன்னும் வலுவானது என்று சொல்கிறவர்கள் உண்டு. வாங்கி வைத்துக்கொள்ளும் வழி இந்த நிலையில் மிக மோசமான பேரம்.

கறுப்பின் இரண்டாவது தேர்வு 5...குதிரை ஏ5. டி5 சிப்பாயை அப்படியே விட்டுவிட்டு சி4 பிஷப்பைத் தாக்குவது. 6.பிஷப் பி5 செக் சி6 7.டி சிப்பாய் சி6ல் வெட்ட, பி சிப்பாய் திரும்ப வெட்டுகிறது, பிஷப் மறுபடி தாக்குதலில். 8.பிஷப் இ2 எச்6 9.குதிரை எஃப்3 இ4 10.குதிரை இ5. எண்ணிப் பாருங்கள்: கறுப்பின் ஒவ்வொரு நகர்த்தலும் ஏதோ ஒரு வெள்ளைக் காயை விரட்டிக்கொண்டே வந்திருக்கிறது. வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம். அந்தச் சிப்பாய்க்குக் கறுப்பு வாங்கியது நேரம். ஏ5 குதிரை ஓரத்தில் கிடக்கிறது, ஏ சிப்பாயும் சி சிப்பாயும் துணையில்லாமல் நிற்கின்றன, அது உண்மைதான். ஆனால் கறுப்பு ராஜாவுக்கு ஆபத்து எதுவும் இல்லை, அடுத்து என்ன செய்வது என்ற திகைப்பும் இல்லை: பிஷப்பை டி6க்கோ சி5க்கோ கொண்டுவருவது, கேஸ்லிங், யானை இ8.

இந்தப் பேரம் யாருக்கு லாபம் என்பதில் பெரியவர்களே ஒத்துப்போகவில்லை. முதல் உலக சாம்பியன் ஸ்டைனிட்ஸ் ஒன்பதாவது நகர்த்தலில் குதிரையை எஃப்3க்குப் பதில் எச்3 ஓரத்துக்குக் கொண்டுபோவார். சிப்பாய் கையில் இருக்கும்வரை குதிரை அசிங்கமாக நின்றாலும் பரவாயில்லை என்பது அவர் கணக்கு. 1890-91ல் ரஷ்ய மாஸ்டர் சிகோரினுடன் தந்தி வழியாக ஆடியபோது அதே வரிசையில் தோற்றார். எழுபது வருஷம் கழித்து, 1963ல், பாபி ஃபிஷர் அதே குதிரை எச்3ஐ பிஸ்கையருக்கு எதிராக ஆடி ஜெயித்தார். இன்று வெள்ளையில் பலர் எட்டாவது நகர்த்தலில் பிஷப்பை இ2க்குப் பதில் டி3க்குக் கொண்டுவருகிறார்கள், இ4 கட்டத்தைப் பிடித்துவைப்பதற்காக. அவ்வளவு காலம் தீராத வழக்கு என்றால் நமக்கு அது நல்ல செய்திதான். இரு பக்கமும் யோசித்து ஆட இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

இதே குடும்பத்தில் இன்னொன்று, 5...பி5, அமெரிக்கரான உல்வெஸ்டாட் பெயரால் வழங்குவது. பிஷப்பைச் சிப்பாயால் குத்துகிறது. வெள்ளை 6.பிஷப் பி5 என்று அதை வெட்டினால் 6...ராணி டி5 வந்து பிஷப்பையும் ஜி2 சிப்பாயையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. வெள்ளைக்குச் சிறந்தது என்று சொல்லப்படுவது 6.பிஷப் எஃப்1. ஆமாம், பிஷப்பைத் தூக்கிப் பிறந்த வீட்டிலேயே வைப்பது! தாக்கிக்கொண்டிருக்கும் ஓர் அமெச்சூர், புத்தகம் படிக்காமல், போர்டின் முன் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிப்பாரா? கண்டுபிடிக்க மாட்டார் என்றே பந்தயம் கட்டலாம். கஷ்டமான நகர்த்தல் யார் தலையில் விழுகிறது என்று மேலே கேட்டதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

டிராக்ஸ்லர்: தீயைத் தீயால்

கறுப்பின் இன்னொரு தேர்வு இன்னும் ஒரு படி முன்னாலேயே பிரிகிறது. 4.குதிரை ஜி5க்கு டி5 ஆடாமல் 4...பிஷப் சி5. எஃப்7ஐக் காக்கவே இல்லை! "நீ என் எஃப்7ஐ எடு, நான் உன் எஃப்2ஐ எடுக்கிறேன்" என்கிறது. செக் நாட்டுப் பாதிரியாரும் செஸ் புதிர் அமைப்பவருமான கரெல் டிராக்ஸ்லர் 1890ல் ரெய்னிஷ் என்பவரோடு ஆடிய ஆட்டத்தால் இந்தப் பெயர் நிலைத்தது. 5.குதிரை எஃப்7, ராணியும் யானையும் தாக்குதலில். பதில் 5...பிஷப் எஃப்2 செக். வெள்ளை ராஜாவால் வெட்டாமல் இ2க்கு நகர்ந்தார். அதன் பிறகு கறுப்பு தன் ராணியையே விட்டுவிட்டு வெள்ளை ராஜாவை ஒவ்வொரு கட்டமாக ராணிப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்: டி3, சி3, பி4, பி5, ஏ5. கடைசியில் 17வது நகர்த்தலில் சி5க்குத் தள்ளிய ஒரு சிப்பாய் மேட் கொடுத்தது.

அழகு மறுக்க முடியாதது. ஆனால் ஒரு வழியை அதன் அழகான வெற்றியை வைத்து எடைபோடக் கூடாது. எதிராளி நன்றாக ஆடினால் என்ன மிஞ்சும் என்று பார்க்கவேண்டும். வெள்ளை 6வது நகர்த்தலில் பிஷப்பை ராஜாவால் வெட்டினால், 6...குதிரை இ4 செக் 7.ராஜா ஜி1 ராணி எச்4 என்று போய், இரு பக்கமும் பிசகாமல் ஆடினால் பல வரிசைகள் தொடர் செக்கில் டிராவாகின்றன. வெட்டாமல் ராஜாவை எஃப்1க்கு ஒதுக்கும் வழியும் உண்டு. கவனித்தால், இப்போது அதே நான்கு வழிகளில் தேர்வு செய்யவேண்டியது வெள்ளை. கடிகாரமும் அவர் பக்கம் ஓடுகிறது.

டிராக்ஸ்லரின் உண்மையான சிக்கல் வேறு. வெள்ளை 5வது நகர்த்தலில் குதிரையால் வெட்டாமல் பிஷப்பால் எஃப்7 சிப்பாயைச் செக்கோடு எடுத்தால் போதும். கறுப்பு ராஜா இ7க்கு வருகிறது, வெள்ளை பிஷப்பை பி3க்கோ டி5க்கோ திருப்பிக்கொள்கிறார். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம், கறுப்புக்கு இனிக் கேஸ்லிங் இல்லை, வாணவேடிக்கையும் இல்லை. கறுப்புக்கு எஃப் வரிசை திறந்திருக்கிறது, விளையாட ஏதோ இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் எதிராளிக்கு எளிதான, பத்திரமான பதில் ஒன்று இருக்கும் எதிர்த்தாக்குதல் பாதி விலைக்குத்தான் போகும். அந்தப் பதில் அவருக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில் ஆடுகிறோம்.

வெட்டாமல் விடுவது

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மறுப்பதற்கு என்ன விலை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். கேஸ்லிங் செய்து ஜி8ல் நிற்கும் கறுப்பு ராஜாவுக்கு எதிராக, எச்7ல் பிஷப்பைச் செக்கோடு போடும் பிரபலமான பலியை எடுங்கள். வெட்டாமல் ராஜா எச்8க்கு ஒதுங்கினால் ஒரு சிப்பாய் போனது, ராஜாவின் கூரை போனது, வெள்ளைக்கு ஒரு காய்கூடப் போகவில்லை. அடுத்து குதிரை ஜி5, ராணி எச்5. மறுப்பதால் தாக்குதல் நிற்கவில்லை, இலவசமாகிவிட்டது. அங்கே வெட்டிவிடுவதே பெரும்பாலும் சரி. வெட்டுவதற்கு முன் குதிரை ஜி5 செக் வந்தால் எங்கே போவது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஜி8 என்றால், ராணி எச்5 வந்தபின் எச்7ஐக் காக்க என்னிடம் என்ன இருக்கிறது? எஃப்6க்கு ஒரு குதிரை வருமா, எஃப்5க்கு பிஷப் வருமா, எஃப்8 காலியாக இருந்து குதிரை அங்கே வருமா? ஒன்று இருந்தாலும் பலி தடுமாறும். எச்6 என்றால் சி1 பிஷப்பின் வழியில் ராஜா நிற்கிறது; ஜி5 குதிரை நகர்ந்தாலே செக், அது இ6ல் இறங்கினால் டி8 ராணியும் போகும். ஜி6 பார்க்கப் பயங்கரம், ஆனாலும் பல நிலைகளில் தாக்குப்பிடிப்பது அதுதான்.

ஓரத்துச் சிப்பாய் பலிகள், ராஜாவுக்குத் தொலைவில் நடப்பவை, இவற்றை மறுப்பது மலிவு. ஒரு நகர்த்தலில் காயை வெளியே எடுத்துவைத்தால் தூண்டில் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

திருப்பிக் கொடுப்பது

நான்கில் அமெச்சூர்கள் மறந்தே போவது இதைத்தான். கையில் வந்த காயை விட மனசு வருவதில்லை. 1851ல் லண்டனில் ஆண்டர்சன் ஒரு பிஷப், இரண்டு யானைகள், கடைசியில் ராணி என்று கொடுத்துக்கொண்டே போனார். கீசெரிட்ஸ்கி வாங்கிக்கொண்டே இருந்தார். மிச்சமிருந்த மூன்று சிறு காய்கள், ஒரு பிஷப்பும் இரண்டு குதிரைகளும், மேட் கொடுத்தபோது கீசெரிட்ஸ்கியின் காய்களில் பாதி முதல் வரிசையை விட்டே நகரவில்லை.

திருப்பிக் கொடுப்பதன் கணக்கை டேனிஷ் கேம்பிட்டில் மிகச் சுத்தமாகப் பார்க்கலாம் (கேம்பிட் என்றால் தொடக்கத்திலேயே சிப்பாயைக் கொடுத்துத் தாக்குவது). 1.இ4 இ5 2.டி4, இ சிப்பாய் வெட்ட, 3.சி3 மறுபடி வெட்ட, 4.பிஷப் சி4, சிப்பாய் பி2 வரை வெட்டிக்கொண்டு போக, 5.பிஷப் பி2. கறுப்புக்கு இரண்டு சிப்பாய் லாபம். வெள்ளையின் இரண்டு பிஷப்புகளும் கறுப்பு ராஜாவின் பக்கம் கத்திபோல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு சிப்பாயையும் கட்டிக்காப்பேன் என்று உட்கார்ந்தால் நாள் முழுக்க உட்கார வேண்டியதுதான். ஆஸ்திரிய மாஸ்டர் ஷ்லெக்டரின் பதில் 5...டி5! 6.பிஷப் டி5 குதிரை எஃப்6. வெள்ளை இப்போது 7.பிஷப் எஃப்7 செக் என்று மின்னலடிக்கலாம்: ராஜா வெட்ட, டி8ல் ராணி காவலில்லாமல் நிற்கிறது, 8.ராணி டி8. கறுப்பு ராணியை இழந்துவிட்டாரா? 8...பிஷப் பி4 செக். வெள்ளை தன் ராணியை டி2ல் குறுக்கே போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் டி8ல் அதை யானை எடுத்துவிடும். 9.ராணி டி2, பிஷப் வெட்ட, குதிரை வெட்ட. ராணிகள் இரண்டும் போய்விட்டன. எண்ணிப் பார்த்தால் சிப்பாய், காய் எல்லாம் சமம். கறுப்புக்கு ராணிப்பக்கம் மூன்று சிப்பாய்க்கு எதிரே வெள்ளைக்கு ஒன்றே ஒன்று. தாக்குதல் ஆவியாகிவிட்டது. தாக்க வந்தவர் இனி ஒரு நீண்ட, சலிப்பான இறுதியாட்டத்தை ஆடவேண்டும். கேம்பிட் ஆடுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

மேல்மட்டத்திலும் இதே புத்திதான். 1953 ஜூரிச் போட்டியில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகப் பெட்ரோசியன் தன் யானையை இ6ல் கொண்டுபோய் வைத்து, பிஷப்புக்கு ஈடாக எடுத்துக்கொள் என்றார். தாக்குவதற்காக இல்லை, வெள்ளையின் நடுச் சிப்பாய்களைத் தடுத்து நிறுத்தி டி5ல் ஒரு குதிரையை உட்காரவைப்பதற்காக. ரெஷெவ்ஸ்கி வாங்கினார். சில நகர்த்தல்கள் கழித்து, கறுப்புக் காய்கள் நன்றாக அமர்ந்ததைப் பார்த்து, தன் யானையை டி3 பிஷப்புக்கு ஈடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆட்டம் டிரா.

எப்போது கொடுப்பது? என் அனுபவ விதி: கொடுப்பதால் எதிராளியின் தாக்கும் காய்களில் மிகச் சிறந்தது போர்டை விட்டுப் போகவேண்டும், முடிந்தால் ராணிகளும் போகவேண்டும். வெறும் பயத்தில், எதிராளி கேட்கும் இடத்தில் கொடுப்பது இதில் சேராது.

எதிர்த்தாக்குதல் எப்போது செல்லும்

ஓரத்தில் தாக்கினால் நடுவில் அடி என்பது பழைய பாடம். மேலே பார்த்த 4...டி5, டேனிஷின் 5...டி5 இரண்டுமே அதுதான். ஆனால் தாக்கப்படும் பதற்றத்தில் எல்லா முரட்டு நகர்த்தலும் எதிர்த்தாக்குதல் மாதிரியே தெரியும். நான் மூன்று விஷயம் பார்ப்பேன். என் நகர்த்தல்கள் செக்காகவோ நேரடி மிரட்டலாகவோ இருக்கின்றனவா? ஒரே ஒரு அமைதியான நகர்த்தல் நடுவில் வந்தாலும் எதிராளிக்கு ஒரு மூச்சு கிடைக்கிறது, முதலில் தாக்கியவர் அவர், ஆகவே முதலில் முடிப்பவரும் அவரே. இரண்டாவது, அவர் ராஜா உண்மையிலேயே திறந்திருக்கிறதா, இல்லை எனக்கு அப்படித் தோன்றுகிறதா? மூன்றாவது, செக்குகள் தீர்ந்தபின் மிச்சம் என்ன? தொடர் செக் டிராவாவது கையில் இருந்தால் இறங்கலாம். ஒன்றுமில்லை என்றால் தற்காப்பதே மேல்.

இதில் அடிக்கடி தவறவிடப்படும் சின்ன ஆயுதம், இடையில் ஒரு செக். எதிராளி வெட்டினார் என்பதற்காக உடனே திரும்ப வெட்டவேண்டும் என்று சட்டம் இல்லை. டேனிஷில் 8...பிஷப் பி4 செக் செய்த வேலை அதுதான்.

ஆட்டம் முடிந்தபின்: எஞ்சினா, சொந்த மூளையா

ஸ்பீல்மன் என்ற ஆஸ்திரிய மாஸ்டர் 1930களில் பலிகளை இரண்டாகப் பிரித்தார். பலன் கண்ணுக்கெதிரே கணக்கிட முடிவது போலிப் பலி. கொடுத்தது எப்போது, எப்படித் திரும்பும் என்று தெரியாமல் நம்பிக்கையில் கொடுப்பது உண்மைப் பலி. ஆராயும்போதும் இந்தப் பிரிவு உதவும். முதல் வகைக்கு எஞ்சின் போதும்: மேட் இருக்கிறது, இல்லை, முடிந்தது. இரண்டாம் வகைக்கு எஞ்சினை முதலில் திறந்தால் கெட்டது காரியம். 0.00 என்று காட்டும், நாமும் "ஓ, சமம்" என்று நகர்ந்துவிடுவோம்.

அந்த எண் யாருக்கானது என்று நினைவில் வைப்பது நல்லது. ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினின் 15.1 பதிப்பிலிருந்து +1.00 என்றால், அந்த நிலையிலிருந்து எஞ்சின் தன்னோடு தானே ஆடினால் ஜெயிக்க 50% வாய்ப்பு என்று அளவு வைத்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு எஞ்சின். நமக்கும் எதிரில் உட்கார்ந்தவருக்கும் அந்தக் கணக்குப் பொருந்தாது.

ஆகவே ஆட்டத்தாளை எடுத்து, பலி விழுந்த இடத்தில் நிறுத்தி, நான்கு வழிகளுக்கும் தலா ஒரு வரிசையை முதலில் கையால் எழுதிவிடுவது நல்லது. ஆட்டத்தின்போது எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவே இல்லை என்பதையும் பக்கத்தில். பிறகு எஞ்சினைத் திறந்து, ஒரே வரிசைக்குப் பதில் மூன்று வரிசைகளைக் காட்டச் சொல்லுங்கள். முதல் நகர்த்தலின் எண்ணைவிட, முதலுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். முதல் நகர்த்தல் 0.00, இரண்டாவது −4.00 என்றால் அது கயிற்றில் நடப்பது. முதல் −0.40, அடுத்த இரண்டும் −0.50, −0.60 என்றால் கொஞ்சம் மோசமான நிலைதான், ஆனால் அகலமான சாலை. அப்படியே ஐந்து நகர்த்தல் முன்னே போய் ஒவ்வொரு படியிலும் இடைவெளியைக் குறித்தால், எந்தப் பக்கத்தில் கயிறு, எந்தப் பக்கத்தில் சாலை என்று ஒரு படம் கிடைக்கும். எதிராளியின் பக்கத்தையும் அதே மாதிரி குறிக்கவேண்டும். அதை விட்டுவிடுகிறவர்களே அதிகம். எஞ்சின் பெரும் பிழை என்று இரண்டு கேள்விக்குறி போட்ட பலி, எதிராளியை நாலு நகர்த்தலுக்குக் கயிற்றில் நிற்கவைத்திருந்தால் அந்தக் கேள்விக்குறியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த அளவுகோலை இரண்டு குதிரை நிலைக்குப் போட்டுப் பார்த்தால் என் தேர்வு இப்படி வருகிறது. யோசிக்க நேரமுள்ள ஆட்டம் என்றால் 5...குதிரை ஏ5: ஒரு சிப்பாய் நஷ்டம், ஆனால் அகலமான சாலை. ஐந்து நிமிட ஆட்டம், எதிராளி யாரென்றே தெரியாது என்றால் 5...பி5, பிஷப்பை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் துணிவு அவருக்கு வருகிறதா பார்க்கலாம். டிராக்ஸ்லரை, வெள்ளை குதிரையால்தான் வெட்டுவார் என்று அவருடைய முந்தைய ஆட்டங்களைப் பார்த்துத் தெரிந்திருந்தால் மட்டும் ஆடுவேன். டி5ல் குதிரையால் திரும்ப வெட்டுவதை, நான் வெள்ளையில் இருக்கும்போது எதிரில் இருப்பவர் செய்யட்டும்.